நூல் நகரத்தில் ஒரு சீன விருந்தாளி

கோயமுத்தூர்க்காரர்களுக்கு நூல் என்றால் புதிய விஷயமா என்ன? 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை இங்கே பஞ்சாலை தொடங்கினார். 1930களில் பைகாரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. உடுத்துகிற நூலைப் பார்த்துப் பழகிய இந்த ஊரில், தின்கிற நூலுக்கும் இப்போது ஏகப்பட்ட கிராக்கி. அதுதான் நூடுல்ஸ்! அந்தப் பெயருக்குள் நம்முடைய 'நூல்' ஒளிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது ஜெர்மன் பாஷையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பண்டத்துக்கோ சீனா பூர்வீகம்.

1983இல் மாகி பாக்கெட் இந்தியாவுக்குள் நுழைந்தது முதல் குழந்தைகள் உள்ள வீடுகளில் இந்தச் சமாசாரம் பரிச்சயம்தான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்துப் பொடியைத் தூவிக் கிண்டுவது வேறு. சீன முறையில் கொழுந்து விட்டெரியும் தீயில் வதக்கித் தருவது வேறு. இதைப் பார்க்க வேண்டுமானால், பழைய ஆட்கள் இன்னமும் புரூக்பாண்டு ரோடு என்று சொல்லும் கிருஷ்ணசாமி சாலைக்குப் போக வேண்டும். அங்கே 2009இல் திறந்த புரூக்ஃபீல்ட்ஸ் மாலில் 'ஃபுட் கோர்ட்' என்று ஓர் இடம் இருக்கிறது. பொதுவாக ஒரு கூடம். சுற்றிலும் பல தேசத்துச் சமையல். பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, நம் நம்பர் வந்ததும் தட்டை நாமே போய் எடுத்து வர வேண்டும்.

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தோம். அத்தைக்கு வயது எழுபத்தைந்து. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "கோனியம்மன் தேருக்குக் கடை போட்டாப்பல இருக்குது!" என்றார். என் மகள் தன் அப்பத்தாவுக்காகத் தேர்ந்தெடுத்தது காய்கறி போட்ட ஹக்கா நூடுல்ஸ். அத்தை விடுவாரா? நேரே சமையல் மேடைக்கே போய், "ஏனுங்க தம்பி, இதுல முட்டை கிட்டை ஏதாச்சும் போடுவீங்களா?" என்று விசாரித்தார். "போடறதில்லைங்க அம்மா, சட்டியும் தனிச் சட்டிங்க" என்று அந்தப் பையன் சிரித்தான். சைவக்காரர்கள் இந்த இரண்டு கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சமையலைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. நூடுல்ஸை முக்கால் பதத்துக்கு முன்பே வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்கள். அடி குழிந்த பெரிய இரும்புச் சட்டி புகைகிற அளவுக்குக் காய்ந்ததும் பூண்டு, கோஸ், காரட், குடைமிளகாய் எல்லாம் விழுகின்றன. பிறகு நூடுல்ஸ், அதன்மேல் சோயா சாஸும் காடியும். கரண்டியை விடச் சட்டிக்குத்தான் வேலை அதிகம். நாலு வீச்சு, இரண்டு நிமிஷம், காரியம் முடிந்தது. காய் வதங்குகிறதே தவிரக் குழைவதில்லை. சோயா சாஸிலேயே உப்பு உண்டு. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் உப்பில் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

அத்தை முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "இதென்ன அதிசயம்? நம்ம சந்தகையத்தான் நல்லாக் காரமாத் தாளிச்சு வெச்சிருக்காங்க!" என்றார்.

வேடிக்கைப் பேச்சு என்றுதான் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய உண்மை இருக்கிறது. சீனாவில் மஞ்சள் நதிக்கரையில் லாஜியா என்ற இடத்தைத் தோண்டியபோது, கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் நூடுல்ஸ் கிடைத்தது. அதற்கு வயது சுமார் 4000 வருஷம்! இழைகள் அரை மீட்டருக்கும் மேல் நீளம். 2005இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி அது கோதுமையில் செய்ததல்ல, தினையும் பனிவரகும் சேர்ந்தது என்று சொல்லிற்று. தினையும் பனிவரகும் நம் மானாவாரிக் காடுகளுக்கு அந்நியமா?

தினை மாவிலும் அரிசி மாவிலும் கோதுமைக்குள்ள இழுவை கிடையாது. பரோட்டா மாஸ்டர் மைதாவை வீசி விரிப்பதுபோல் அரிசி மாவை வீசினால் துண்டு துண்டாகத்தான் விழும். ஆகவே வடசீனத்தில் ஓட்டையுள்ள அச்சில் மாவை வைத்து அழுத்திக் கொதிநீரில் பிழியும் முறை ஒன்று உண்டு. லாஜியா நூடுல்ஸும் அப்படிப் பிழிந்ததாக இருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்துச் சொல்கிறார்கள். நம் கொங்குப் பெண்களோ அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டிலியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுத் திருகிச் சந்தகை எடுக்கிறார்கள். வழி வேறு, யுக்தி ஒன்றுதான்.

ஹக்கா என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. வடக்கிலிருந்து தென்சீனத்துக்குக் குடிபெயர்ந்த மக்களை அங்கிருந்தவர்கள் அப்படி அழைத்தார்கள். 'விருந்தாளிக் குடும்பத்தார்' என்று அர்த்தம். அவர்களில் பலர் கல்கத்தாவுக்கு வந்து, டாங்ராப் பகுதியில் தோல் பதனிட்டுப் பிழைத்தார்கள். அந்த நகரத்துச் சீனர் சமையலில் நம் நாட்டு மிளகாயும் சேர்ந்து உருவானதுதான் இன்று ஊரெங்கும் கிடைக்கும் ஹக்கா நூடுல்ஸ். 1962இல் சீனாவுடன் போர் மூண்டபோது, நம் நாட்டில் வாழ்ந்த சீன வம்சத்தார் சுமார் 3000 பேர் ராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். குழந்தை குட்டிகளோடு வருஷக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு. விருந்தாளி என்று பெயர் பெற்றவர்களுக்கு அப்படியும் ஒரு காலம் வந்தது. அவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் எந்த முகாமும் அடைத்து வைக்க முடியவில்லை.

தட்டு காலியாகிற சமயத்தில் அத்தை சொன்ன வார்த்தை ஒன்று என் மனசில் தைத்துவிட்டது. "அம்பது வருஷமாச் சந்தகை சுத்தியிருக்கறேன் கண்ணு. எல்லாரும் தின்னு முடிச்சு, நான் உக்கார்றப்ப அது ஆறி அவலாப் போயிருக்கும். இன்னைக்குத்தான் எல்லாரோடவும் உக்காந்து சுடச்சுடத் தின்னேன்."

சந்தகை ஒருவர் காரியமல்ல. ஒருவர் திருக வேண்டும். ஒருவர் தட்டைச் சுழற்றி இழையை வாங்க வேண்டும். மாவு ஆறினால் அச்சு நகராது. இந்த மணிக்கட்டு வலிக்குப் பயந்துதான் பல வீடுகளில் அச்சு பரண் ஏறிவிட்டது. நூடுல்ஸ் வந்து சந்தகையைக் கெடுத்துவிட்டது என்று அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்ட சந்தகைக்கு ஈடு எந்தச் சீமையிலும் கிடையாது. திருகுவதற்குத்தான் கை போதவில்லை.

ஃபுட் கோர்ட்டில் அந்த இரும்புச் சட்டியை வீசியவன் ஓர் ஆண்பிள்ளைதானே? ஆகவே சகோதரிகளே, மாலுக்குப் போனால் விருந்தாளியை ருசி பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அச்சை இறக்குங்கள். கைப்பிடியை மட்டும் வீட்டுக்காரரிடமோ பிள்ளையிடமோ கொடுத்துவிட்டு, மாமியாருக்கு முதல் தட்டை வைத்து, பக்கத்திலேயே நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆறுவதற்குள் சாப்பிட வேண்டிய பண்டம் அது!