எட்டு யூரோ வால்வு

அப்பா 1962இல் வாங்கிய வால்வு ரேடியோ, புணேயில் எங்கள் வீட்டு அலமாரி மேல் ஊமையாகக் கிடந்தது. இ.சி.எச். 81 என்ற வால்வு போய்விட்டது என்றார் பழுது பார்ப்பவர். இணைய ஏலத்தில், ஜெர்மனிக்காரர் ஒருவரிடம் இருந்ததை 8 யூரோவுக்கு எடுத்துவிட்டேன். ஏலம் கேட்கும் முன்பே கேட்டிருக்க வேண்டியதைப் பிறகுதான் கேட்டேன்: "அனுப்ப எவ்வளவு?"

"38 யூரோ."

பேரம் தொடங்கியது. கூரியர் வேண்டாம், தபால் போதும், அவசரமில்லை, பெட்டி சிறியதாக இருக்கட்டும். நான்கு கடிதங்களில் 17க்கு இறங்கினார். ஐந்தாவதில் அவரே ஒரு சலுகை தந்தார்: "அன்பளிப்பு, 2 யூரோ என்று எழுதிவிடட்டுமா?"

சபலம்தான். சுங்க வரி, விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். ஆனால் ராக்கி, உயிர் காக்கும் மருந்து தவிர மற்றவற்றை அன்பளிப்பாக, முழு வரி கட்டாமல் இறக்குமதி செய்ய 2019 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. தவிர, கண்ணாடி வால்வு வழியில் உடைந்தால் 2 யூரோவுக்கு மேல் எப்படி நஷ்ட ஈடு கேட்பது?

அம்மாவிடம் சொன்னேன். "வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டி உங்கப்பா கேட்ட ரேடியோடா இது. பொய் சொல்லியா பேச வைக்கப் போறே?"

உள்ளதை எழுதச் சொன்னேன். ஐந்து வாரத்தில் தபால்காரர் வந்தார், வரியைக் கட்டினேன். பெட்டிக்குள் இரண்டு வால்வுகள். படிவத்திலும் இரண்டு என்றே எழுதியிருந்தார்: "ஒன்று உடைந்தால் இருக்கட்டும்."

ஒன்றும் உடையவில்லை. முதல் கரகரப்பு கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.