குட்டைச் சுவரும் ஒல்லிச் சுவரும்

மாவு புளித்துப்போகாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைக்கிறோம். குளிர்ந்தால் வினைகள் மெதுவாகும், இன்னும் குளிர்ந்தால் நின்றேபோகும். அரீனியஸ் 1889இல் இதை ஒரு சூத்திரமாக்கினார்: வினை நடக்க ஒரு சுவரில் ஏறித் தாண்டணும், ஏறுகிற தெம்பை வெப்பம் தரணும். நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சிமுலேட்டட் அனீலிங் என்ற தேடல் முறைகூட இதே மாதிரிக் கணக்கில்தான் ஓடுகிறது. எளிய வழி என்றால் குட்டைச் சுவர். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

2011இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷ்ரைனரும் கூட்டாளிகளும் மெத்தில்ஹைட்ராக்சிகார்பீன் என்ற மூலக்கூறை உறைந்த ஆர்கானுக்குள் 11 கெல்வினில், அதாவது மைனஸ் 262 டிகிரி செல்சியஸில், சிறைவைத்தார்கள். பெயர்தான் நீளம், மொத்தம் ஏழே அணுக்கள். அதன் முன்னால் இரண்டு சுவர்கள். வினைல் ஆல்கஹாலாக மாற மோலுக்கு 22.6 கிலோகலோரி உயரம் ஏறணும். அசிட்டால்டிஹைடாக மாற 28. அந்தக் குளிரில் இரண்டுமே நடக்காத காரியம். 28க்கு அரீனியஸ் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். காத்திருக்க வேண்டிய நொடிகளை எழுத 500க்கு மேல் இலக்கங்கள் வந்தன. பிரபஞ்சத்தின் வயதை நொடியில் எழுதினாலே 18 இலக்கம்தான்!

ஆனால் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதி மாறிவிட்டது. அதுவும் அசிட்டால்டிஹைடாக. உயரமான சுவரின் வழியாக.

டனலிங் என்றதும் சுவருக்குள் நடந்துபோகும் பேயை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பேய்க்குச் சுவர் எவ்வளவு தடிமன் என்ற கவலை கிடையாது. ஹைட்ரஜனுக்கு அதுதான் முதல் கவலை. அது அலையும்கூட, அலையின் வால் சுவருக்குள் போகப்போகத் தேய்கிறது. தடிமன் இரட்டித்தால் தேய்மானத்தின் அடுக்கும் அப்படியே இரட்டிக்கும்; உயரமோ எடையோ இரட்டித்தால் அது சுமார் 1.4 மடங்குதான் ஆகும். அசிட்டால்டிஹைடு பக்கச் சுவர் உயரம், ஆனால் ஒல்லி. எடையும் சும்மா இல்லை. ஆக்சிஜனில் ஒட்டிய ஹைட்ரஜனுக்குப் பதில் இரட்டை எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தபோது வினையே தென்படவில்லை.

ஆர்கான் சிறை ஆய்வகத்து ஏற்பாடு. விண்மீன்களுக்கு இடையே உள்ள மேகங்களில் பனி படிந்த தூசிகள் இயல்பாகவே 10 கெல்வின் அளவில்தான் இருக்கின்றன. அந்தக் குளிரில் கார்பன் மோனாக்சைடு கலந்த பனிமேல் ஹைட்ரஜன் அணுக்களைத் தூவினால் ஃபார்மால்டிஹைடும் மெத்தனாலும் உருவாகின்றன என்று ஜப்பானின் ஹொக்கைடோவில் வத்தனாபேயும் கோச்சியும் 2002இல் காட்டினார்கள். அங்கேயும் சுவர்கள் உண்டு, ஏறத் தெம்பு கிடையாது. ஆனால் காத்திருக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன.