காப்பு இரண்டும் ஒரு மெசினும்

 

"ஒங்கட காப்பு ரெண்டையும் தந்தா முற்பணத்துக்குப் போதும். மிச்சத்த லீசிங்ல போடலாம்" என்று என் கணவர் ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது சொன்னார். உம்மா எனக்குப் போட்டு அனுப்பிய காப்புகள் அவை. கேட்டது வீடு கட்டவோ, பிள்ளையின் படிப்புக்கோ அல்ல. ஒரு மெசின் வாங்குவதற்கு!

எமது வீட்டோடு ஒட்டிய அறையில் கடைப் பெயர்ப்பலகைகளும் காட்சி எழுத்துக்களும் செய்கிறோம். போம் போர்ட்டில் எழுத்துக்களைக் கத்தியால் வெட்டுவது அவரது கைவேலை. சிங்கள எழுத்தின் வளைவுகளும் எமது 'ழ'வும் 'ஞ'வும் கையை எவ்வளவு வருத்தும் என்பது வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விரலில் தையல் போட்டுக்கொண்டு அவர் வந்த பிறகுதான் 'பிளெட்பெட் கட்டர்' என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தது. பெரிய மேசை போன்றது அது. பலகையை மேசையில் வைத்தால் கீழிருந்து காற்றை உறிஞ்சி அதனை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கம்பியூட்டரில் வரைந்தபடி மேலேயுள்ள கத்தி வெட்டிச் செல்லும்.

தேவை நியாயமானது. ஆனால் லீசிங் என்றால் வட்டி. "காப்பைத் தாறன், வட்டிக்கு மட்டும் போக வேணாம். எந்த மெசின் என்டதையும் சேர்ந்தே பாப்பம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு சம்மதித்தார்.

கணக்குப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. முந்திய 3 மாத பில்களைப் பிரித்து எழுதினேன். பத்து வேலைகளில் எட்டு, 3 மி.மீ., 5 மி.மீ. போம் போர்ட்டும் ஸ்டிக்கரும்தான். அக்ரிலிக் வேலை மாதத்தில் ஒன்றோ இரண்டோ. இந்தக் கணக்குத்தான் எமக்கு வழிகாட்டியது.

போம் போர்ட்டுக்கு வேகமாக மேலும் கீழும் அதிரும் கத்தி போதும். அக்ரிலிக்குக் கத்தி உதவாது. சுழலும் ரவுட்டர் பிட் வேண்டும். அது தூசியையும் இரைச்சலையும் கூடவே கொண்டு வரும். தூசியை இழுக்கும் மெசினும் தனியாக வாங்க வேண்டும். பக்கத்து அறையில் சிறு பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இதனை யோசிக்காமல் இருக்க முடியுமா? ஆகவே அக்ரிலிக் வேலையை வெளியே லேசர் கடைக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். "அப்படியானால் லேசரையே வாங்கலாமே" என்று ஒருவர் சொன்னார். எமது போம் போர்ட் பீ.வீ.சீ. வகை. லேசரால் வெட்டினால் அதிலிருந்து ஐதரசன் குளோரைட் என்ற நச்சுப் புகை வரும். நெஞ்சுக்கும் கேடு, மெசினுக்கும் துரு.

அளவில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. சிறிய மேசை விலை குறைவுதான். ஆனால் போர்ட் வருவது 8 அடிக்கு 4 அடியில். சிறிய மேசைக்காக அதனை முதலில் கையால் துண்டாட வேண்டும். எந்தக் கத்தியிலிருந்து தப்ப நினைத்தோமோ அதுவே திரும்பவும் கைக்கு வரும். எனவே முழு அளவு மேசை, கத்தி மட்டும். ரவுட்டரைப் பின்னர் பூட்டிக்கொள்ள இடமிருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம்.

பார்க்கப் போன இடத்தில் மெல்லிய அட்டையில் அழகான பூவொன்றை வெட்டிக் காட்டினார்கள். நான் பையிலிருந்து எமது 5 மி.மீ. துண்டை எடுத்துக் கொடுத்து, ஓரங்குல உயரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெட்டச் சொன்னேன். பூவில் தெரியாதது எழுத்தில் தெரிந்தது: ஒரு மெசினில் மூலைகளில் கத்தி கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது, சிறிய எழுத்துக்கள் காற்றுப்பிடி போதாமல் நகர்ந்திருந்தன. அச்சிட்ட ஸ்டிக்கரையும் கொடுத்தோம். ஸ்டிக்கர் சற்று இழுபட்டாலும் மூலைக் குறிகளைக் கமெராவால் பார்த்துத் திருத்திக்கொள்ளும் மெசினே சரியாக வெட்டியது.

பிறகு கேட்டவை: காற்றுப் பம்புக்கு எவ்வளவு மின்சாரம்? திரீ பேஸ் இணைப்பு வேண்டுமா? கத்தியும் மேசை விரிப்பும் என்ன விலை, கொழும்பில் எப்போதும் கிடைக்குமா? பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில்? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தவர்கள் நாம். வெட்டும்போது மின்சாரம் போனால் பிடி விட்டுப் பலகை வீணாகும் என்பதனையும் கேட்டறிந்தோம். கொடுத்த வாக்குறுதிகள் அனைத்தையும் எழுத்தில் வாங்கினோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் (2:282) எமக்குக் கற்றுத் தந்திருக்கிறதல்லவா?

11 மாதங்கள் பொறுத்திருந்து சேமித்தோம். ஒரு காப்பை விற்றோம். எஞ்சியதை, விலையைக் கூட்டாமல், 4 தவணைகளில் வாங்கிக்கொள்ள விற்றவர் இணங்கினார். அல்ஹம்துலில்லாஹ்! மற்றக் காப்பு என் கையில் இருக்கிறது. அவரது விரலில் தழும்பு மட்டுமே மிச்சம்.

சகோதரிகளே, மெசின் ஆண்களின் விடயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வீட்டுப் பணம் போகுமிடத்தில் உங்கள் கணக்குப் புத்தகமும் கூடப் போகட்டும். எமது உழைப்பை ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.