டேலி ஆன நாட்கள்

ஃபுட்பால் டீமில் டிஃபெண்டராக இருப்பதும், ஆபீஸில் கேஷியராக இருப்பதும் ஒரே உத்தியோகம்தான். ஒழுங்காக வேலை பார்த்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு தடவை சறுக்கினால் போதும், ஊரே பெயரைச் சொல்லும். அதுவும் அடைமொழியோடு!

இதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெயில்சன் ஆல்வ்ஸ், பிரேசில்காரர். இன்னொருவர் என் அப்பா, புதுச்சேரிக்காரர்.

1998-ல் எனக்கு ஒன்பது வயசு. உலகக் கோப்பை ஃபைனலில் பிரான்ஸும் பிரேசிலும் மோதின. நம்ம ஊர் கடிகாரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் 'சொல்தா' தாத்தா வீட்டுப் பெரிய டி.வி. முன்னால் தெருவே கூடியிருந்தது. இரண்டு கார்னர் கிக். இரண்டையும் ஜிதான் தலையால் முட்டி, இடைவேளைக்குள் இரண்டு கோல். கடைசியில் 3-0. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே... ஜிதான் பார்த்திருந்தால் டீமில் சேர்த்திருப்பார்! நான் பிரேசில் கட்சி. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா புரண்டு படுத்தார். "போய்த் தூங்குடா. காலையில கேஷ் டேலி ஆகணும்."

இருபது வருஷம் ஓடியது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். ஃபைனல். பெங்களூருவுக்கு எதிராக நம்ம சென்னையின் எஃப்.சி. ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். வீட்டில் நானும், ரிட்டயரான அப்பாவும்.

17-வது நிமிஷம் கிரகரி நெல்சன் கார்னர் அடிக்க, பின்னாலிருந்து ஏறி வந்த மெயில்சன் தலையால் முட்டினார். கோல்! 45-வது நிமிஷம் மறுபடி நெல்சன், மறுபடி கார்னர், மறுபடி அதே தலை. கோல்! அன்றைக்கு பிரேசிலுக்கு ஜிதான் வைத்த அதே வேட்டை, ஒரு பிரேசில்காரர் நமக்காக வைத்தார். அப்புறம் ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட, 3-2 என்று கோப்பை நமக்கு. சென்னையின் முதல் கோப்பையை வென்ற 2015 அணியிலும் மெயில்சன் இருந்தார்.

"யாருடா இந்த ஆளு?" என்றார் அப்பா.

"டிஃபெண்டர்ப்பா. எதிராளியை கோல் போடவிடாம தடுக்கறதுதான் வேலை."

"இன்னிக்குக் கோல் போட்டான், பேரைச் சொல்றாங்க. இத்தனை நாள் தடுத்ததை எவன் எண்ணினான்?"

எனக்குச் சுருக்கென்றது. 31 வருஷ சர்வீஸில் ஒரே ஒரு நாள் அப்பாவின் கணக்கில் 1,800 ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினார். பிரிவுபசார விழாவில் மேலதிகாரி அதையே ஜோக்காகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கடைசி வரிசையில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னமும் உறுத்துகிறது.

மேட்ச் முடிந்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். பி.காம். படித்தது ஒரு தடவையாவது உதவட்டுமே! வருஷத்துக்கு 280 நாள், 31 வருஷம், ஆக 8,680. அந்த ஒரு நாள் போக, 8,679 நாள் டேலி. துண்டுச் சீட்டில் எழ்தி நீட்டினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"லீவு போட்ட நாளைக் கழிச்சியா?"

"இல்லப்பா..."

"கணக்கு தப்பு" என்றார். சீட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.