சுங்கத்தில் சிக்காத சொத்து

"வடசென்னைக்கா போகிறாய்? மூக்கைப் பொத்திக்கொண்டு போ. வந்ததும் நேரே குளியலறைக்குள் நுழை!"

எங்களோடு மயிலாப்பூரில் இருக்கும் அத்தை இப்படித்தான் ஆசீர்வாதம் செய்து என்னை அனுப்பிவைத்தாள். அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: உங்களில் எத்தனை பேர் பாரிமுனைக்கு வடக்கே காலடி எடுத்து வைத்திருக்கிறீர்கள்? புடவைக்குத் தியாகராய நகர், காற்றுக்கு மெரினா, சாமிக்குக் கபாலீசுவரர்! வடக்கே இருப்பதெல்லாம் துறைமுகமும் லாரியும் புகைபோக்கியும்தான் என்று நாம் தீர்மானம் செய்து ரொம்ப நாளாகிவிட்டது.

நான் போனது ஒரு கேள்விக்கு விடை தேடி. ஒரு குடும்பம் அந்நிய தேசத்தில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்கிறது. ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டி வருகிறது. அப்போது அவர்களோடு கூட வருவது எது? பணமா, பாத்திரமா, பாஷையா? இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 'பர்மாக்காரர்கள்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் தமிழர்களே!

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் ராஜாஜி சாலை ஓரமாக வரிசையாகப் பர்மா பஜார். பர்மாவிலிருந்து வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-ல் ஏற்பட்ட கடைவீதி இது. சாலையைத் தாண்டி இரண்டாவது கடற்கரைச் சாலைக்குள் நுழைந்தால், மாலை வேளையில் பூண்டு வறுபடும் வாசனை நம்மைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும்.

என் மனைவியும் கூட வந்திருந்தாள். வெளியில் விற்கும் பண்டம் என்றால் அவளுக்கு ஆயிரம் சந்தேகம். எண்ணெய் எது, தண்ணீர் எது, கை கழுவினாரா என்று மூன்று கேள்விகளாவது கேட்காமல் வாயில் எதையும் போடமாட்டாள். தள்ளுவண்டியில் ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் குவிந்திருந்தது. கடைக்காரப் பிள்ளை அதில் ஒரு பிடி எடுத்தார். மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்தார். 'பேஜோ' என்கிற மொறுமொறு தட்டையை மேலே நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான சூப்.

இதுதான் அத்தோ. கையால் பிசைந்து கலந்தது என்ற பொருளில் பர்மியர்கள் 'அதோக்' என்பார்கள். நம் நாக்கில் அது அத்தோவாகிவிட்டது.

மனைவி சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள். "அட, வாழைத்தண்டு!"

"ஆமாக்கா. எங்க பாட்டி செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார் அந்தப் பிள்ளை. "அவங்க ரங்கூன்ல பொறந்தவங்க. எண்ணூர்ல இருக்காங்க. பர்மாக் கதை கேக்கணும்னா அவங்களைத்தான் கேக்கணும் சார்."

கேட்காமல் விடுவோமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டோம்.

பாட்டியைப் பார்க்கும் முன், கதையின் முன்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1824 முதல் 1885 வரை மூன்று யுத்தங்களில் பர்மாவை ஆங்கிலேயர் விழுங்கினார்கள். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. இங்கிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், அரிசி ஆலையில் உழைத்தார்கள், கடை வைத்தார்கள். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் தேக்குத் தூண்கள் நிற்பது அந்தக் காலத்து அடையாளம்தான். 1931-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்!

இதில் பர்மியர்களுக்கு மனக்குறை ஏற்பட்டதென்றால் ஆச்சரியமில்லை. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு, கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1930-லும் 1938-லும் கலவரங்கள் நடந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்ததும் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்து இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். யுத்தம் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் பாங்கி, ஆலை, கடைசியில் தெருக்கடை வரை அரசுடைமையாயிற்று. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு சென்னைத் துறைமுகத்துக்கு வந்த அகதிக் கப்பல்களில் ஒன்றில்தான் நம் பாட்டியும் வந்தார்.

ஞாயிறன்று மெட்ரோ ரயிலில் புறப்பட்டோம். 2021-லிருந்து விம்கோ நகர் வரை சுகமாகப் போகலாம். 'விம்கோ' என்பது ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமோ? வழியில் திருவொற்றியூர். வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டுக் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதிக்கும் போனோம். கடல் வாணிகத்தில் சேர்த்த செல்வத்தையெல்லாம் ஒரே நாளில் துறந்தவர் அவர். பர்மாக்காரர்கள் துறக்கவில்லை, துறக்கவைக்கப்பட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சந்தில், வாசலில் மண்பானையும் அதன் மேல் கவிழ்த்த டம்ளருமாக இருந்தது பாட்டியின் வீடு.

"வா தம்பி. வாம்மா, உக்காரு. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் பாட்டி. வயது எழுபத்தைந்து இருக்கும். வெள்ளை ரவிக்கை, கொண்டையில் ஒரு துண்டு மல்லிகை.

"பர்மாவில் உங்களுக்கு என்ன பாட்டி ரொம்பப் பிடித்தது?" என்று கேட்டேன். பெரிய பகோடாவையோ ஐராவதி நதியையோ சொல்லப்போகிறார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"காலையில மொஹிங்கா" என்றார் பாட்டி!

மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு போட்டு, வறுத்த கடலை மாவு கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. அதை அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றி, அவித்த முட்டையும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தருவார்கள். விடிந்ததும் தெருமுனையில் அதைச் சாப்பிடாவிட்டால் பர்மியருக்குப் பொழுது விடியாதாம். "நாங்க மொதல்ல முகத்தைச் சுளிச்சோமாம். எங்க ஆயா சொல்லும். அப்புறம் அது இல்லாம எங்களுக்கும் விடியலை" என்று சிரித்தார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டீக்கடையில் குட்டி முக்காலியில் உட்கார்ந்தால், பால் டீக்குத்தான் காசு. மேஜை மேல் இருக்கும் பச்சைத் தேநீர் எத்தனை குடித்தாலும் இலவசம். ஊறவைத்த தேயிலையை எள், வேர்க்கடலை, பூண்டு சேர்த்துத் தின்பதும் உண்டு. "டீயைக் குடிப்பாங்க, தின்னவும் செய்வாங்க!" ஏப்ரலில் நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் புது வருஷம். தெருவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டு வாசலில் வழிப்போக்கருக்காகத் தண்ணீர்ப் பானை வைப்பது அங்கே பெரிய புண்ணியம்.

"எங்க கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பர்மாக்காரி. கலவரம், சட்டம் எல்லாம் பெரியவங்க சமாசாரம். அவ வாசல்ல பானை வச்சா எங்க வாசலையும் கூட்டி ஒரு பானை வைப்பா. வர்றவனுக்கு எந்த வீட்டுத் தண்ணின்னு தெரியவா போகுதுன்னு சொல்லுவா."

பேசிக்கொண்டே பாட்டி உள்ளே போய், சந்தனக்கல் போன்ற ஒரு வட்டக் கல்லை எடுத்து வந்தார். கூடவே பட்டையோடு ஒரு சிறு மரத்துண்டு. தனகா! எலுமிச்சையும் விளாவும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. பட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்தால் வெளிர் மஞ்சளாகக் குழம்பு வரும். அதைக் கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொண்டுதான் பர்மியப் பெண்கள் வெளியே வருவார்கள். முகம் குளிர்ச்சியாக இருக்கும், வெயில் அண்டாது. நமக்கு மஞ்சள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்தக் கல்லு மட்டுந்தான் அங்கேர்ந்து வந்தது" என்றார் பாட்டி. குரல் சற்று இறங்கியது. "எனக்கு அப்போ பதினாலு வயசு. மளிகைக் கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கிட்டாங்க. கப்பல் ஏற்றப்போ சுங்கத்துல அம்மா கழுத்துல, காதுல இருந்ததைக் கழட்டிட்டாங்க. பித்தளைக் குடத்தைக்கூட விடலை. மூட்டைக்கு அடியில இந்தக் கல்லு இருந்துச்சு. அந்த ஆபீசர் கையில எடுத்துப் பாத்தான். அவங்க வீட்லயும் இருக்குமில்ல? ஒண்ணும் பேசலை. திரும்ப மூட்டையிலேயே வச்சுட்டான்."

சற்று நேரம் நாங்கள் மூவருமே பேசவில்லை.

வந்த புதிதில் இங்கே அவர்களை யாரும் தங்களவராக நினைக்கவில்லையாம். அங்கே 'காலா', இங்கே 'பர்மாக்காரி'. அம்மா கழிமுகத்து மீனை வாங்கி, அரிசி நூடுல்ஸுக்குப் பதில் சேவை பிழிந்து மொஹிங்கா செய்தபோதுதான், "சரி, இங்கேயும் விடியும்" என்று தோன்றிற்றாம். இன்று கழிமுகத்து மீனும் பழைய மாதிரி இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். "மறுபடியும் மூட்டை கட்டணுமோன்னு நெனச்சேன். கல்லை எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்" என்று பாட்டி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேத்தி வேலைக்குப் போகிறாள். அவளுக்குக் கிரீமும் பவுடரும் போதும். தனகா இழைக்க அவளுக்கு நேரம் ஏது? பேரன் அத்தோ பிசைகிறான். அது பிழைப்பு, அதனால் நிற்கும். இந்தக் கல் யாரிடம் போகும் என்பதுதான் பாட்டிக்குத் தெரியவில்லை.

என் மனைவி எழுந்து பாட்டியின் அருகில் போய் உட்கார்ந்தாள். "எனக்கு வைத்துவிடுங்கள் பாட்டி" என்றாள். பாட்டி கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நிதானமாக இழைத்து, இரண்டு கன்னத்திலும் வட்டம் போட்டுவிட்டார்.

விடைபெற்று வெளியே வந்தோம். ஒரு லாரி கிளீனர் பையன் வாசலில் நின்று, பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் தன் வழியே போனான். இந்தி பேசுகிற பையன். தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊர் அது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் எல்லோரும் என் மனைவியின் கன்னத்தையே பார்த்தார்கள். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, "என்னடி இது வேஷம்!" என்று அதட்டிக்கொண்டே கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். "சந்தனம் மாதிரி குளுகுளுவென்று இருக்கிறதே... எங்கே கிடைக்கும்?" என்றாள்.

"எண்ணூரில் அத்தை. மூக்கைப் பொத்தாமல் போனால் கிடைக்கும்!" என்றேன்.

நீங்களும் ஒரு மாலை கடற்கரை ரயில் நிலையப் பக்கம் போனால் ஒரு தட்டு அத்தோ சாப்பிட்டுப் பாருங்கள். வெயில் காலம் வருவதற்குள் உங்கள் வீட்டு வாசலில் ஒரு மண்பானையும் வைத்துப் பாருங்கள். எங்கள் வாசலில் வைத்தாயிற்று. காலையில் அதை நிரப்புகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தைதான்!