தண்ணி மட்டும் படக்கூடாது!

"எல்லாம் சாப்பிடலாம். ஓடாம இருந்தா சரி. தண்ணி மட்டும் படக்கூடாது" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கென்ன, ஏ.ஸி. ரூம். அக்னி நட்சத்திரத்தில், களமருதூரில், வீட்டுக்குப் பின்னால் பம்ப்செட் தொட்டி தளும்பிக்கொண்டிருக்க, எட்டு வயசுப் பயலை நாலு வாரம் கை நனையாமல் காப்பாற்ற வேண்டியவன் நானல்லவா!

அவன் விழுந்ததே அந்தத் தொட்டி மேலிருந்துதான். லீவுக்கு ஊருக்கு வந்த மூன்றாம் நாள், பாசி வழுக்கி, இடது முன்கை எலும்பில் விரிசல். "புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி கட்டுப் போட்டுடலாம்டா" என்றாள் அம்மா. ஆந்திராவில் இருக்கும் புத்தூர் கட்டுக்கு நம் ஜனங்களிடம் அவ்வளவு மவுசு. நான் உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

மாவு பேண்டேஜைத் தண்ணீரில் முக்கிச் சுற்றும்போதே "அப்பா, சுடுது!" என்றான் பையன். நிஜம்தான். ஜிப்சம் கல்லைச் சூடாக்கி, அதற்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டினால் கிடைக்கிற பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மறுபடி தண்ணீரைக் கண்டதும், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை திரும்பி வந்த மாதிரி, கொஞ்சம் சூட்டைக் காட்டிவிட்டு இறுகிவிடுகிறது. அதைத் துணியில் தடவி எலும்பு முறிவுக்குச் சுற்றலாம் என்று 1851-ல் யோசித்தவர் மாத்தைசன் என்கிற ஹாலந்து ராணுவ டாக்டர். குளிப்பாட்டும் உத்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஏரியில் கரைக்கிற பிள்ளையாரை இந்த மாவில் செய்யாதீர்கள், சீக்கிரம் கரையாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் விதிமுறை போட்டது. பிள்ளையார் கரைய மாட்டார். என் பிள்ளை கட்டு மட்டும் ஒரு சொம்புத் தண்ணியில் ஊறிப் போகும்!

முதல் குளியலுக்கு நான் எடுத்தது ஜவுளிக்கடை பாலிதீன் பையும் ரெண்டு ரப்பர் பேண்டும். இறுக்கிப் போட்டேன், விரல் நீலம் பாரித்தது. பயந்து தளர்த்தினேன். கையைத் தொங்கப் போட்டு நிற்கச் சொல்லி, தலையில் ஊற்றினேன். தோளில் வழிந்த தண்ணீர் முழுக்க, புனலில் ஊற்றின மாதிரி, நேராகப் பைக்குள் இறங்கியது.

கட்டை வெயிலில் காட்டினேன். சாயங்காலம் மேலே தட்டிப் பார்த்தால் டக் டக் என்றது. "அம்மாகிட்ட சொல்லாதடா" என்றேன். லீவு கிடைக்காமல் சென்னையில் இருந்த அவன் அம்மாவுக்கு வீடியோ காலில் அப்பாவும் பிள்ளையும் பல்லைக் காட்டினோம்.

ரெண்டாம் ராத்திரி ஏதோ சுரண்டுகிற சத்தம். விளக்கைப் போட்டால், துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியைக் கட்டுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறான். கிட்டே போனால் ஒரு வாடை.

"எப்பலேர்ந்துடா அரிக்குது?"

"குளிச்சதிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீதானப்பா சொல்லக் கூடாதுன்ன."

விடிகிற வரை நான் தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டை அறுக்கும் மெஷினைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த பிளேடு சுழலாது, அதிரத்தான் செய்யும். அதனால் தோலை வெட்டாது என்று பையன்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னான். மேலே காய்ந்த கட்டுக்கு உள்ளே பஞ்சு பிழிகிற ஈரம். தோல் வெளுத்துச் சுருங்கி, குச்சி பட்ட இடத்தில் புண்.

"நனைஞ்ச அன்னிக்கே ஏன் வரல?" என்றார் டாக்டர். பையன் என்னைப் பார்த்தான். பிறகு சீலிங் ஃபேனைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. "என் தப்புதான் சார்" என்றேன். எலும்பு நகரவில்லை, அதிர்ஷ்டம்.

புதுக் கட்டுப் போட்ட பிறகு நர்ஸம்மா உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். முழுசாகக் காய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரை ஈரத் துணியால் உடம்பைத் துடைப்பதோடு சரி. அப்புறம், கட்டின் மேல் விளிம்பில் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் ஒன்றுக்கு ரெண்டு பை போட்டு, பை வாயைத் தோலோடு டேப் ஒட்டணும். ரப்பர் பேண்ட் கூடாது. கை மேலே, பை வாய் கீழே. அப்போதுதான் வழிகிற தண்ணீர் உள்ளே போகாமல் கீழே போகும். என்ன கட்டினாலும் தொட்டியில் முக்கக் கூடாது. அரித்தால் ஃபேன் காற்று, குச்சி கிடையாது. விரல் வீங்கினாலோ, ஜில்லிட்டாலோ, மரத்துப் போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ நடுராத்திரியானாலும் ஓடி வரணும்.

"ஃபைபர் கட்டுன்னா நனையலாமாமே?" என்று என் பொது அறிவைக் காட்டினேன்.

"மேல ஊறாது. உள்ள இருக்கிறது அதே பஞ்சுதான் சார்."

அன்றைக்கே அவன் அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். பதிலை இங்கே எழுத இடம் போதாது.

மிச்ச நாளெல்லாம் முக்காலியில் உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பிலிருந்து கீழே சொம்பு, மேலே ஈரத் துண்டு. "பஸ்ஸை நிறுத்தற கண்டக்டராட்டம் இருக்கான் என் ராசா" என்று திண்ணையிலிருந்து அம்மா சிரிப்பாள்.

கட்டுப் பிரித்து, கொஞ்ச நாள் கழித்து டாக்டர் சரி என்றதும் தொட்டியில் இறங்கவிட்டேன். கூடவே நானும் இறங்கினேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றான். மெலிந்து போன இடது கை மட்டும் தானாக மேலே தூக்கியே இருந்தது.

"இறக்குடா."

"அட, ஆமாம்ப்பா!"