உடை களைவதற்கு முன்

நிர்வாணப் படம் எடுக்கும் நாளில் மாடலிடம் பேசுவதைத்தான் முதலில் செய்கிறேன். அதுவும் அவர் உடையோடு இருக்கும்போதே. என்னென்ன நிலைகள், படத்தில் எதுவரை தெரியும், அறையில் யார் யார் இருப்பார்கள், படம் கண்காட்சிக்கா இணையத்துக்கா என்பதையெல்லாம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன். ஆடையில்லாமல் நிற்பவருக்கு, உடுத்தி நிற்பவரிடம் 'வேண்டாம்' என்பது எளிதல்ல.

படமெடுக்கையில் தொட மாட்டேன். கை எங்கே இருக்க வேண்டும் என்பதை நானே செய்து காட்டுவேன். உடலை வர்ணிக்க மாட்டேன். "தோளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க, வெளிச்சம் முதுகுல விழட்டும்" என்பதோடு சரி. அங்கி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஒருமுறை எல்லாம் முடிந்தபின் ஒரு பெண், "முகம் தெரியுற படம் மட்டும் வேண்டாம்க்கா" என்றார். அன்றைக்கு நன்றாக வந்தவை அவைதான். அவர் கண்முன்னாலேயே அழித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகும் ஒருத்தி மனம் மாறலாம்.

படமெடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவாக வந்தது; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. மாடல்களிடம் இதையும் சொல்லிவிட்டுத்தான் கேமராவைத் திறக்கிறேன்.